மழைக்கு முன் பிரிக்கப்படும்

என் மேஜை இழுப்பறையில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் கிடக்கிறது. ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். துருவேறிக் கறுத்துவிட்டது. அதைப் பொருத்த எந்தக் கதவும் இல்லை, தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. மாட்டுங்காவிலிருந்து சுனாபட்டி, அங்கிருந்து இந்தச் செம்பூர் என்று வீடு மாறிய போதெல்லாம் அதுவும் கூடவே வந்தது. "இந்தத் துருப்பிடிச்ச சனியனை எதுக்குக் கட்டிண்டு அழறேள்?" என்று என் மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரு பொய் சொன்னேன். உண்மை தெரியாமலே அவள் போய்ச் சேர்ந்தாள்.

அது என் கைக்கு வந்தது துறைமுகத்தில் கப்பல் வெடித்த வருஷம். மஸ்ஜித் பந்தர் பக்கம் எரிந்துபோன சந்துகளிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் நாற்பது குடும்பங்களை, தாராவி ஓரமாகக் காலியாகக் கிடந்த ஒரு தோல் கிடங்கில் கொண்டுவந்து இறக்கினார்கள். நிவாரணக் கமிட்டியின் சார்பில் இங்கிலீஷில் கடிதம் எழுத ஆள் தேவைப்பட்டது. என் ஆபீஸ் என்னை இரவல் கொடுத்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. டிராஃப்ட் எழுதுவதில் புலி என்று பெயர் வாங்கியிருந்தேன், அந்தப் பெயர் தலைக்கும் ஏறியிருந்தது. கிடங்குக்குள் முதல்நாள் நுழைந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். தோல் போன பிறகும் தோலின் நாற்றம் போகவில்லை. நாற்பது குடும்பத்துக்கும் முற்றத்தில் ஒரே குழாய். பெண்கள் சேலையோடு குளித்து, அந்த ஈரத்தோடேயே நின்று காய வேண்டும். காவலுக்கு நியமித்த ஆட்கள் எதிரே குந்திப் பீடி பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கண் எங்கே இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தி இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவள் புருஷன் அன்றைக்குச் சரக்கு இறக்கப் போனவன். ஆளும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் அவள் பொட்டை அழிக்கவில்லை. தினமும் குளித்துவிட்டு, கிடங்குச் சுவரில் சாய்த்துவைத்த ஒரு கண்ணாடித் துண்டைப் பார்த்துக் குங்குமம் இட்டுக்கொள்வாள். பன்னிரண்டு பதிமூன்று வயதில் ஒரு மகள் அவள் முந்தானையைப் பிடித்தபடியே இருப்பாள். ஆளாளுக்கு என்னிடம் போர்வை கேட்டார்கள், அரிசி கேட்டார்கள். அவள் கேட்டது வேறு.

"சாமி, ஒரு வேளை கஞ்சி கொறஞ்சாலும் தாங்கிக்கிடுவோம். நாலு தகரத்த வச்சு ஒரு மறைப்பு போட்டுக் குடுங்க. உள்ள தாப்பா போடுத மாதிரி ஒரு கதவு வேணும். பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன்."

கேட்க எளிதாக இருந்தது. ஆனால் கிடங்கு இன்னொருவருடைய சொத்து. அதில் நிரந்தரமாக ஒரு செங்கல் வைக்க வேண்டுமென்றாலும் மூன்று ஆபீஸ் படியேற வேண்டும். தற்காலிக ஏற்பாடு என்றால் ஒரே கையெழுத்து போதும். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் மாட்டுங்காவில் ஒவ்வொரு ராமநவமிக்கும் தெருவை அடைத்துப் பந்தல் போட அனுமதி கேட்டு எழுதுகிறவன் நான்தான். அந்தப் பந்தல் கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, பந்தல் வருகிற இடத்தில் தகர மறைப்பு என்று மாற்றி எழுதினேன். பந்தல் கடிதத்தின் கடைசியில் எப்போதும் ஒரு வரி உண்டு. 'மழை தொடங்குமுன் முழுவதும் பிரிக்கப்பட்டு, இடம் சுத்தமாக ஒப்படைக்கப்படும்.' அந்த வரியைப் பார்த்தால் அதிகாரிகளுக்கு மனம் இளகும், பேனா தானாக ஓடும். யாரும் கேட்காத வாக்குறுதி அது. கடிதத்துக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று அதையும் சேர்த்தேன். நாலே நாளில் அனுமதி வந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலு பக்கமும் தகரம், மேலே தார்ப்பாய், கீழே கல் பாவிய தரை, தண்ணீருக்கு ஒரு பீப்பாய், ஒரு கதவு. தச்சர் தாழ்ப்பாளை முடுக்கியதும் அக்காதான் முதலில் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே இல்லை. வெளியே வரிசையில் நின்ற பெண்கள்கூட அவசரப்படுத்தவில்லை. உள்ளே நின்று அழுதிருக்கிறாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, முகம் மட்டும் தெளிவாக இருந்தது. அன்றிலிருந்து நான் அவளுக்குச் சாமி இல்லை, தம்பி. அடுத்த வாரமே அவள் மகள் பெரியவளானாள். அவர்கள் பக்கத்து வழக்கப்படி தாய்மாமன் ஓலை வெட்டிவந்து குச்சு கட்டி, பெண்ணைப் பதினாறு நாள் அதில் தனியே உட்காரவைக்க வேண்டும். தாய்மாமன் ஊரில் இருந்தான். மற்ற பெண்கள் தாங்களாகவே குழாயடிக்குத் திரும்பிப்போய், மறைப்பை அந்தப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தார்கள். "தாய்மாமன் கட்ட வேண்டிய குச்சு, நீங்க கட்டிக் குடுத்திட்டிய தம்பி" என்றாள் அக்கா. கர்வத்தில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மே கடைசியில் அனுமதி கொடுத்த ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. என் வரியையே எடுத்து எழுதி, அதன்படி மறைப்பைப் பிரித்துத் தகரத்தைப் பட்டியலோடு ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். கமிட்டிக் காரியதரிசியிடம் ஓடினேன். அவர் மாட்டுங்காக்காரர், எங்கள் பந்தலுக்கு வருகிறவர். என் கடிதத்தை என் முன்னாலேயே விரித்துவைத்தார்.

"ஏன்டா அம்பி, இது நீ எழுதினதுதானே? யாராவது கேட்டாளா உன்னை? எழுதிக் கொடுத்துட்டு இப்போ இல்லேன்னா கமிட்டி பேர் என்ன ஆறது?"

அவரோடு சண்டை போட்டிருக்கலாம். வேறொரு கடிதம் எழுதியிருக்கலாம், அதில்தான் புலியாயிற்றே. ஆனால் அந்த மாதம் ஆபீஸில் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு பட்டியல் எழுதினேன். பிரிக்கிற அன்று அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். அவளே பக்கத்தில் வந்து, "குச்சுன்னா பிரிக்கத்தான செய்வாவ தம்பி" என்றாள். என்னைத் தேற்றினாள், பாவி. நான் தாழ்ப்பாளை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பட்டியலில் எழுதாமல் விட்டேன். நான் காட்டிய வீரம் அவ்வளவுதான்.

தகரத்தை ஏற்றிப்போக லாரி வரவே இல்லை. முற்றத்தில் அடுக்கி, கயிறு கட்டி, சீட்டுத் தொங்கவிட்டபடி மழைக்காலம் முழுக்க அது அங்கேயே கிடந்து துருப்பிடித்தது. பக்கத்திலேயே பெண்கள் கொட்டுகிற மழையில், ஆண்கள் பார்க்க, குளித்தார்கள். ஒப்படைத்ததாக எழுதியாகிவிட்ட பொருளை யார் தொடுவது?

ஆடி பிறக்கும் முன்பே அக்கா மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டாள். மாப்பிள்ளை அம்பர்நாத்தில் ஆலை வேலை பார்க்கிற தாரமிழந்தவன், தூரத்துச் சொந்தம், வயது நாற்பதுக்குக் குறையாது. செய்தி கேட்டு, "இவ்வளவு சின்னப் பிள்ளையை ஏன்?" என்று கோபமாகக் கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்ததோ தெரியவில்லை. அவள் கோபப்படவில்லை. "அவுக வீட்டுல கதவு இருக்கு தம்பி. உள்ள தாப்பா இருக்கு. வேற என்னத்தக் கேக்க?" என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து, நான் குடிமாறிப் போயிருந்த சுனாபட்டியில், ஸ்டேஷன் வாசலில் அக்கா கீரை விற்றுக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. மகளைப் பற்றி விசாரித்தேன். எட்டாம் மாசமே வலி கண்டுவிட்டதாம். புருஷன் ஷிப்டுக்குப் போயிருந்தான். அந்தப் பெண் எழுந்துவந்து கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே கிடந்திருக்கிறாள்.

"நான்தான் சொல்லிச் சொல்லி அனுப்புனேன், ஒத்தையில இருக்கையில தாப்பாள எடுத்துராதன்னு. கதவ ஒடச்சுப் போகையில ரெண்டு உசிரும் இல்ல, சாமி."

அவள் மறுபடியும் சாமி என்று கூப்பிட்டதை அந்த இடத்திலேயே கவனித்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாளிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ரயில் ஏறினேன்.

இப்போது என் பேத்திக்குப் பதிமூன்று வயது. தமிழ் பேசுவாள், படிக்க வராது. இதை அவள் படிக்கப்போவதில்லை. காலையில் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும். இரண்டு நிமிஷம்தான். பிறகு கதவருகே போய் நின்று, "ஆச்சாம்மா?" என்பேன். பதில் வரத் தாமதமானால் தட்டுவேன். "என்ன தாத்தா, தினமும் இதே ரோதனை! நிம்மதியா குளிக்க விடுங்கோ!" என்று உள்ளிருந்து கத்துவாள். அவள் குரல் கேட்ட பிறகு திரும்பிவந்து உட்காருவேன். இழுப்பறையைத் திறந்து தாழ்ப்பாளைக் கையில் எடுத்துக்கொள்வேன். அவள் கதவைத் திறந்து வெளியே வரும்வரை அதைக் கீழே வைக்க முடிவதில்லை.