தேவிகாவின் லேப்டாப் கேட்ட கேள்வி

போன செவ்வாய்க்கிழமை காலை நம் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் வஞ்சிரம் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். தேவிகாவிடமிருந்து போன். எடுத்தால் அழுகை.

“சுகு... போச்சுடி. எல்லாம் போச்சு.”

எனக்குப் பகீரென்றது. அவள் கணவர் முரளிக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. “என்னடி ஆச்சு? முரளி நல்லா இருக்காரா?” என்று நான் போட்ட சத்தத்தில் மீன் வெட்டுகிறவர் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டார்.

“அவருக்கு என்ன, நல்லா சோபாவுல உக்காந்து டிவி பார்க்கிறாரு. லேப்டாப்புடி! நேத்து அப்டேட் ஆச்சு. இன்னைக்கு டைப் அடிக்க ஆரம்பிச்சா அப்படியே நிக்குது. மவுஸ்கூட நகர மாட்டேங்குது.”

அட, இவ்வளவுதானா! நீங்கள் வெட்டுங்கள் என்று மீன்காரருக்குக் கையைக் காட்டினேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் தலைக்கனம் புதிதல்ல. மெஷின் என்றால் எனக்குப் பயம் கிடையாது. ரைஸ் குக்கர், பிரிண்டர், பக்கத்து வீட்டுக் காலிங் பெல்... எது மக்கர் பண்ணினாலும் “சுகுணாவைக் கூப்பிடு” என்பார்கள். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. ரிப்பேர் வேலையில் பாதி துணிச்சல். மீதி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது!

ஆனால் தேவிகாவுக்கு அது ‘இவ்வளவுதானா’ இல்லை. அன்று மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு ஒரு பரீட்சை. நாடகங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் சப்டைட்டில் போடும் ஒரு நிறுவனம் ஆன்லைனில் வீடியோ அனுப்பும். அதைப் பார்த்து ஒரு மணி நேரத்துக்குள் தமிழில் அடித்து அனுப்ப வேண்டும். தேறினால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை.

பல வருடம் ஓர் அலுவலகத்தில் தமிழ் டைப் அடித்தவள் அவள். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு விண்ணப்பம் போட்ட இடத்தில் எல்லாம் “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. முரளி டாக்ஸி ஓட்டுபவர். முழங்கால் சரியாகும்வரை அவரும் வீட்டில்தான். வீடு ஓட அவள் சம்பாத்தியம் வேண்டும். அதைவிட, போனிலேயே அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது.

“ஐம்பத்தி மூணு வயசாகுதுடி. இன்னைக்கு விட்டா இனிமே யாரு என்னைக் கூப்பிடப் போறாங்க?”

“அழாம முகத்தைக் கழுவு. நான் வந்துட்டே இருக்கேன்” என்றேன். மீன் பையோடு லிட்டில் இந்தியா ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ஓடினால் ஆச்சா? ரயில் கார்டில் காசு இல்லை. காசு ஏற்றும் டாப்-அப் மெஷினில் நின்றேன். எந்த மொழி என்று கேட்டது. தமிழை அழுத்தினேன். நான் எப்போதும் தமிழைத்தான் அழுத்துவேன். நான்கு மொழிகளில் நம்முடையதும் ஒன்றாக அங்கே உட்கார்ந்திருக்கிறதே... அதைத் தாண்டிப்போக மனசு வருமா? ஆனால் அடுத்த திரை வந்ததும் முழித்தேன். நல்ல தமிழ்தான். காலமெல்லாம் ‘டாப்-அப்’ என்றே சொல்லிப் பழகிய எனக்கு, அதில் எது டாப்-அப் என்று தேட வேண்டியிருந்தது. பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். பழைய திரைக்குப் போய் ஆங்கிலத்தை அழுத்தினேன்.

சிரிக்காதீர்கள். நீங்கள் மட்டும் என்னவாம்?

பூகிஸில் ரயில் மாறி, பூன் லேயில் தேவிகா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முரளிதான் கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தார்.

“வாங்க சுகுணா. நான் அப்பவே சொன்னேன், புதுசு ஒண்ணு வாங்கிடலாம்னு. எத்தனை வருஷத்து லேப்டாப்லா இது!”

“நீங்க காலைப் பாத்துக்குங்க முரளி. இதை நான் பாத்துக்கிறேன்.”

லேப்டாப்பின் அடிவயிற்றைத் தொட்டேன். சுட்டது. “சூடுதான்! தூசி அடைச்சிருக்கு” என்று தீர்ப்புச் சொன்னேன். பிரஷ் கேட்டு வாங்கி, காற்றுப் போகும் ஓட்டையை எல்லாம் சுத்தம் பண்ணினேன். பக்கத்தில் மேஜை விசிறியைத் திருப்பி வைத்தேன். ஆன் பண்ணினால் ஜம்மென்று எழுந்தது. மெயில் திறந்தது, படம் திறந்தது, வீடியோகூட ஓடியது.

“பாத்தீங்களா?” என்று முரளியைத் திரும்பிப் பார்த்தேன்.

தேவிகா உட்கார்ந்தாள். ஒரு கீயைத் தட்டினாள். அவ்வளவுதான்! நின்றுவிட்டது. திரையின் மூலையில் இருந்த கடிகாரமும் சேர்ந்து நின்றது. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முரளி இருமினார். எனக்குக் காது கேட்கவில்லை!

சரி, அடுத்தது. சேஃப் மோட் என்று ஒன்று இருக்கிறது. ஆன் ஆகும்போது கூடவே எழுந்துவரும் சில்லறைப் புரோகிராம்களை எல்லாம் தூங்கவிட்டு, ரொம்ப அவசியமானதை மட்டும் எழுப்புவது. விருந்தாளிகளை எல்லாம் அனுப்பிவிட்டு வீட்டு ஆட்கள் மட்டும் இருப்பது மாதிரி. அதில் போட்டேன். தட்டச் சொன்னேன். ஆங்கிலத்தில் ஏபிசிடி அடித்தாள். நிற்கவில்லை. இன்னும் அடித்தாள். நிற்கவே இல்லை!

“லேப்டாப்புக்கு ஒண்ணும் இல்லடி. வந்த விருந்தாளியில யாரோ ஒருத்தர்தான் வம்பு பண்றாங்க.”

யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாதிப் பேரை நிறுத்திவிட்டு ஆன் பண்ண வேண்டும். சரியாக ஓடினால் திருடன் நிறுத்திய பாதியில் இருக்கிறான். அந்தப் பாதியில் மறுபடி பாதி. பொறுமை மட்டும் இருந்தால் போதும், யாரும் செய்யலாம். ஆனால் அந்தக் கிழட்டு லேப்டாப் ஒவ்வொரு தடவையும் ஆஃப் ஆகி எழுந்துவர எடுத்த நேரத்தில் ஒரு கோப்பி குடித்துவிடலாம். குடித்தோம். தேவிகா மட்டும் குடிக்கவில்லை. கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. அவளுடைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர்.

“இதான்! தூக்கிடலாம்” என்று மவுஸை நகர்த்தினேன். தேவிகா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“அதைத் தொடாதடி!”

“இதாலதான் நிக்குது.”

“அது இல்லாம எனக்குக் கை ஓடாது. நான் கத்துக்கிட்டது பழைய டைப்ரைட்டர் முறை. இப்ப எல்லாரும் அடிக்கிறது வேற. எழுத்தெல்லாம் வேற வேற இடத்துல இருக்கும். ரெண்டு மணிக்குள்ள புதுசா கத்துக்கச் சொல்றியா?”

“என் லேப்டாப்பைக் கொண்டாந்து தர்றேன்.”

“அதுல மட்டும் இது இருக்கா? இதைச் செஞ்ச ஆளுங்களே இப்ப இல்ல. இன்ஸ்டால் பண்ண சிடியும் எங்கிட்ட இல்ல. தூக்கினா தூக்கினதுதான்.”

“அலமாக்! அதான் புதுசு வாங்கிடலாம்னு...” என்று முரளி ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி ஒரு பார்வை பார்த்தோம். அவர் மறுபடி டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. வம்புக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால், அவனை விடு என்கிறாளே! ஆனால் அவள் விடவில்லை.

“இத்தனை வருஷம் இது ஒரு தொல்லையும் கொடுத்ததில்லடி. நேத்து ராத்திரி வரைக்கும் ஓடிச்சு. இன்னைக்கு மட்டும் எப்படிக் கெட்டதாயிடும்?”

நியாயம்தானே? சண்டை என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவரை வெளியே அனுப்பினால் வீடு அமைதியாகிவிடும், வாஸ்தவம். அதற்காக அனுப்பப்பட்டவர்தான் குற்றவாளி என்று ஆகிவிடுமா? எத்தனை குடும்பத்தில் பார்த்திருக்கிறோம்! நான் ஒருவரைப் பிடித்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். இன்னொருவர் யார்?

“தேவி, நேத்து அப்டேட் முடிஞ்சதும் நீ என்ன பண்ணினே?”

“நான் ஒண்ணும் பண்ணலையே. அதுவா ஆஃப் ஆகி ஆன் ஆச்சு. அப்புறம் ஏதோ கேட்டுச்சு.”

“என்ன கேட்டுச்சு?”

“வேற மொழி ஏதாவது சேர்க்கணுமான்னு.” சின்னப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள். “ஒரு பெரிய லிஸ்ட் வந்துச்சு. கீழே போனா... தமிழ்னு இருந்துச்சுடி. எவ்வளவு நாளா இது என்கிட்ட இங்கிலீஷ்லயே பேசிக்கிட்டிருந்துச்சு! அதுவா கேக்கும்போது வேணாம்னு சொல்ல மனசு வரல. அழுத்திட்டேன்.”

எனக்கு லிட்டில் இந்தியா ஸ்டேஷனும், பின்னால் செருமிய மனிதரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். இவளை நான் என்ன சொல்லித் திட்ட?

விஷயம் இதுதான். அவள் சரி என்றதும் லேப்டாப் தன் சொந்தத் தமிழ் கீபோர்டை உள்ளே கொண்டுவந்து உட்கார்த்திவிட்டது. உள்ளே ஏற்கெனவே ஒரு பழைய தமிழ் இருக்கிறது. கீயைத் தட்டினால் போதும்... “என்னைத்தான் கூப்பிட்டாங்க” என்று இரண்டும் ஒரே நேரத்தில் பாய்ந்து, ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டன. இரண்டும் தமிழ். நம் ஆட்கள்தான், சந்தேகமே இல்லை!

செட்டிங்ஸில் போய், நேற்று வந்ததை மட்டும் எடுத்தேன். நிறுத்திவைத்த பழையதைத் திரும்ப எழுப்பினேன். ஆஃப். ஆன். அந்தத் தடவை நானும் கோப்பி குடிக்கவில்லை. இதுவும் தப்பாகப் போனால் இவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று, வெட்கப்படாமல் சொல்கிறேன், பயந்தேன்.

தேவிகா விரல்களை நீட்டி மடக்கினாள். அடித்தாள். படபடவென்று ஒரு வரி முழுக்க ஓடியது. திரை நிற்கவில்லை. எட்டிப் படித்தேன்.

‘சுகு முதலில் அந்த மீன் பையை ஃபிரிட்ஜில் வை நாற்றம் தாங்கவில்லை’

கமா போடக்கூட நிற்கவில்லை அவள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம், சிரித்தோம்.

இரண்டு மணிக்கு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நானும் முரளியும் சமையலறைக்குள் ஒடுங்கினோம். மீனை வறுத்தால் சத்தம் கேட்கும் என்று குழம்பாக வைத்தோம். அவர் புளி கரைத்தார். கதவுக்குப் பின்னால் கீபோர்டு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கொஞ்சம் நின்றால் போதும், முரளி கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். திரும்ப ஆரம்பித்ததும் எடுப்பார்.

“பழசுதான் அவளுக்குச் சரி போல இருக்குலா” என்றார் மெதுவாக. அதற்குப் பிறகு புதுசு பேச்சையே அவர் எடுக்கவில்லை.

நேரம் முடிவதற்கு முன்பே அவள் வெளியே வந்தாள். “அனுப்பிட்டேன்” என்றாள். அப்படியே உட்கார்ந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

இந்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா? அப்டேட் ஆன மறுநாள் எது நின்றாலும், பழசில் கை வைப்பதற்கு முன்னால், நேற்று நீங்கள் எதற்கு ‘சரி’ சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். லேப்டாப்புக்கு மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி தேவிகாவின் போன். மறுபடி அழுகை. இந்தத் தடவை நான் பயப்படவில்லை. அந்த அழுகை எனக்குத் தெரியும்.

“எடுத்துக்கிட்டாங்கடி சுகு! திங்கட்கிழமையிலேருந்து வேலை. அவங்க சைட்ல பேரைப் பதியச் சொல்றாங்க. முதல் கேள்வியே, எந்த மொழி வேணும்னு கேக்குது. என்ன பண்ணட்டும்?”

“தாயே, இங்கிலீஷை அழுத்திடு. என்னைத் திரும்பவும் பூன் லேக்கு ஓட விடாத.”

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம்.

“தேவி?”

“...கேட்டுக்கிட்டு அழுத்தலாம்னுதான் இருந்தேன். தமிழ்னு பாத்ததும் அழுத்திட்டேன்லா!”