ஏறிப் பார்க்காமல் வாங்கிய வண்டி

அந்த ரோடு பைக்கை, அந்தக் கியர் சைக்கிளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. வண்டி மேல் கோபமில்லை. அது பாவம், நல்ல வண்டி. நெருளில் ஒரு ஃபிளாட்டின் பால்கனியில் நின்றது. அதை விற்றவர் நெடுநெடுவென்று உயர்ந்த ஆள். நிலையில் தலை இடிக்காமல் குனிந்துதான் எங்களை உள்ளே கூப்பிட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என்னோடு வந்தவர் அக்கா புருஷன். சொந்த டெம்போ ஓட்டுகிற நெட்டை மனிதர். தாராவியில் எங்கள் சந்தில் யார் எந்த வண்டி வாங்கினாலும் அவரைத்தான் கூட்டிப்போவார்கள். நான் வேலை பார்க்கும் செம்பூர் ஆபீஸில் ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாஷி பாலம் தாண்டி சைக்கிள் மிதிக்கும். கியர் இல்லாத என் பழைய சைக்கிளில் அவர்களைத் துரத்தித் துரத்தி அலுத்துவிட்டது. ஒருநாளாவது அவர்களுக்குச் சமமாகப் போய்ப் பாலத்தைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அத்தான் டயரை அமுக்கினார், செயினைச் சுழற்றினார், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். நான் ஏறப் போனேன்.

"ஏட்டி, நில்லு. எலுமிச்சம்பழம் வைக்காம ஏறக்கூடாது."

புதுசோ பழசோ, பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் பழம் நசுங்கின பிறகுதான் வாங்கினவர் ஏற வேண்டும் என்பது எங்கள் சந்துச் சட்டம். டெம்போவுக்கு அது சரி. அதன் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் ஓடும். ரோடு பைக் சட்டை மாதிரி, அவரவர் அளவு பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இதைச் சொன்னேன். அத்தான் விற்கிறவரைப் பார்த்தார். அவர், "சீட் நீச்சே கரோ, ஹோ ஜாயேகா" என்று முடித்துவிட்டார். சீட்டை இறக்கினால் சரியாகிவிடுமாம்! ஓட்டப் போகிறவள் நான். இரண்டு பேரும் என் தலைக்கு மேலேயே பேசி முடித்தார்கள்.

பணம் கைமாறியது. எங்கள் பிள்ளையார் கோயிலில் பழம் நசுங்கியது. ஏறினேன். சீட்டை அடிவரை இறக்கியும் பெடல் கீழே போகும்போது கால்நுனிதான் எட்டியது. நிறுத்தி இறங்கினால் நடுக்கம்பி இடித்தது. ஹேண்டில்பாரைப் பிடிக்க, துணிக்கொடிக்கு எக்குவது போல எக்க வேண்டியிருந்தது. சைக்கிள் கடை மெக்கானிக் அதை என் பக்கம் கொஞ்சம் இழுத்து மாட்டிக் கொடுத்தார். அதுவும் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை, உள்ளங்கை மரத்து, கழுத்து பிடித்துக்கொண்டு, பாலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் மான்குர்டோடு திரும்பினேன்.

வீட்டில் பஞ்சாயத்து. அத்தான் டீயை உறிஞ்சிக்கொண்டே, "வண்டி தங்கமான வண்டி. ஒனக்குத்தான் உயரம் பத்தல" என்றார். அக்கா ஆமாம் போட்டாள். அம்மா, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல" என்றாள். சைஸ் தப்பு என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. தப்பெல்லாம் என் எலும்பில்தானாம். அன்றைக்குக் கையில் எது கிடைத்திருந்தாலும் உடைத்திருப்பேன்.

அதை விற்றுத் தொலைத்தேன். அடுத்த வண்டியைப் பார்க்க மாட்டுங்காவுக்குத் தனியாகப் போனேன். விற்ற பெண் ஏறக்குறைய என் உயரம். முதலில் நடுக்கம்பிக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றேன். இடிக்கவில்லை. பிறகு ஏறி, அந்தத் தெருவை அவள் அலுத்துப்போகும் வரை சுற்றினேன். முழங்கை லேசாக மடங்கியே இருந்தது. கால் முழுசாக மிதித்தது. அதிலேயே வீட்டுக்கு வந்தேன்.

"எலுமிச்சம்பழம் எங்கட்டி?" என்றார் அத்தான்.

வண்டியை அவர் பக்கம் தள்ளினேன். "ஓட்டிப் பாருங்க அத்தான்."

ஏறினார். திரும்பும்போதெல்லாம் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. சந்து முனையைக்கூடத் தொடாமல் இறங்கிவிட்டார். "என்னட்டி வண்டி இது? ஓட்டவே முடியல."

"வண்டி தங்கமான வண்டி அத்தான். உங்களுக்குத்தான் உயரம் கூடிப்போச்சு."

சந்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வாஷி பாலத்தைத் தாண்டும்போதும் கோபம் அடங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டுதான் மிதித்தேன்.