மைக்கில் சொல்லாத செய்தி

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து கிரவுண்டில் கால்பந்து இறுதிப் போட்டி. எங்கள் கழகம் பல வருடங்களுக்குப் பிறகு கப்புக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

நான் ஹட்டனில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். பெண்பிள்ளைக்கு என்ன பந்துப் பைத்தியம் என்று கேட்காதவர்கள் எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே இல்லை. அது அப்பா கொடுத்த பைத்தியம். பெக்டரி வேலை முடிந்து வந்து, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கிரவுண்டுக்கு ஓடுகிற மனிதர் அவர். அன்று மட்டும் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று வீட்டிலேயே படுத்துவிட்டார். "நீ போய்ப் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லு" என்று என்னை அனுப்பினார். அம்மா அவரோடு இருந்தார்.

கழகத்தின் மேல் எனக்கு நிறையக் கோபம் உண்டு. வந்த விருந்தினர்களுக்குக் கூடாரம், துணி போர்த்திய கதிரை, சோடா. காலங்காலமாகக் கத்தித் தொண்டை கிழிந்த எங்களுக்கு ஈர மேடு, மழைக்குத் தலையில் கவிழ்க்க ஒரு ரெட்டிப்பைச் சாக்கு. பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. அதனால் மேட்ச் நாளில் காலையிலிருந்தே நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. மைக்கில் விருந்தினர் பெயரை வாசித்துக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை பொன்னாடை போர்த்துகிற அவசரத்தில் நாங்கள் போட்ட கோலைச் சொல்லவே மறந்துவிட்டார்கள். கமிட்டி கூடி என்ன முடிவெடுத்தாலும் அது கமிட்டிக்குள்ளேயே இருக்கும்.

அந்த வருடம் எங்கள் கோல்கீப்பரைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. பதிலுக்குக் கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் தம்பியைப் போன் போட்டுக் கூப்பிட்டார்கள். தைப்பொங்கலுக்கு வந்து போனவன், அதன் பிறகு அப்பாவைப் பார்த்திருக்கவில்லை. காலையில் பஸ் இறங்கி, பையோடு நேராகக் கிரவுண்டுக்கு வந்துவிட்டான். அப்பாவை மேட்ச் முடிந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இடைவேளைக்கு முன்பே ஒரு கோல் போட்டுவிட்டோம். மேடே ஆடியது. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் ஓர் ஆட்டோ இறக்கத்தில் வந்து நின்றதையும், அதன் டிரைவர் கூடாரத்துக்குள் போனதையும் பார்த்தேன். செயலாளர் அவர் தோளில் கை போட்டு உட்காரவைத்துச் சோடாவும் கொடுத்தார். யாரோ இன்னொரு விருந்தாளி போல என்று நினைத்துத் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். அதே டிரைவர் மேட்டில் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்தார். சிங்களவர், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினார்; தங்கச்சி என்பதை மட்டும் நங்கி என்று சிங்களத்தில் சொன்னார்.

"கோல்கீப்பர் அக்கா நீங்களா, நங்கி?"

நான் தலையாட்டினேன்.

"அப்பாவுக்கு ரொம்ப அமாரு, முடியல. தோட்டத்து லொறியில ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டாங்க. அம்மா ரோட்டுல என்னைய நிப்பாட்டி, புள்ளைங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க சொன்னாங்க. நான் வந்து அந்தக் கூடாரத்துல சொல்லியாச்சு. அவங்க மேட்ச் முடியட்டும், இப்ப மைக்ல சொல்ல வேணாம் சொல்றாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அம்மாகிட்ட நான் சரி சொன்னேன், நங்கி. அப்பறம் எப்படி சோடா குடிச்சிட்டு உக்காந்து இருக்கிறது?" என்றார்.

எங்கள் கிரவுண்ட் பள்ளத்தில் இருக்கிறது. போனுக்கு சிக்னல் கிடையாது. அம்மா எத்தனை முறை எடுத்துப் பார்த்தாரோ தெரியாது. மேட்டிலிருந்து சறுக்கி இறங்கி கோல் கம்பத்துப் பக்கம் ஓடினேன். செயலாளர் குறுக்கே வந்து மறித்தார்.

"தங்கச்சி, இன்னுங் கொஞ்ச நேரந்தான். வேற கீப்பர் இல்லன்னு உனக்குத் தெரியுந்தானே? ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போயிட்டாங்கல்ல, பாத்துக்குவாங்க."

பொய் சொல்லக் கூடாது. ஒரு கணம் நானும் கிரவுண்டைத் திரும்பிப் பார்த்தேன். நானும் அந்தக் கழகத்து ஆள்தானே. பிறகு அவரைத் தாண்டிப் போய்த் தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். "அப்பாவுக்கு முடியலடா!" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். கையுறையைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். மேட்டிலிருந்து கூச்சல் கேட்டது. விசயம் தெரியாதவர்கள், "ஏய், எங்கடா போற?" என்று ஏசினார்கள். நாங்கள் ஆட்டோவில் ஏறினால், எதிரணியின் ஆட்கள் வந்த லொறி வழியை மறித்து நின்றது. ஆட்டோ டிரைவர் அண்ணன் போய் ஒரு வார்த்தை சொன்னதும் அவர்களே தள்ளி நிறுத்தி வழிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். சேறு அப்பிய ஜெர்சியோடு தம்பி கட்டிலருகே போய் நின்றான். அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். கை நீண்டது. தம்பி பிடித்துக்கொண்டான்.

"மேட்ச் முடிஞ்சிருச்சா?"

"இல்லப்பா."

"அப்ப ஏன்டா வந்த?"

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு யாரோ பிளேன்டீ வாங்கி வந்து கொடுத்திருந்தார்கள். யார் என்று கேட்டால், ஆட்டோக்காரர் என்றார்கள். நன்றி சொல்ல வெளியே ஓடினேன். அதற்குள் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

அந்த மேட்சில் நாங்கள் தோற்றோம். கழகத்து நிறத்தில் ரிப்பன் கட்டி ஒரு மலர்வளையம் வந்தது. அதே கையோடு பேச்சும் வந்தது. அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கப்பு நம்முடையது என்று இழவு வீட்டு வாசலிலேயே சிலர் பேசினார்களாம்.

கருமாதி முடிந்த பிறகு கழகத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. பெண்கள் யாரும் அதற்குப் போனதில்லை. நான் போனேன். என் முறை வந்தபோது எழுந்து, எங்களுக்கு வந்த செய்தியை எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தது யார் என்று கேட்டேன். மைக்கில் அறிவிப்புச் செய்கிற எங்கள் பக்கத்து லயத்து அண்ணன் எழுந்தார். "என்னையச் சொல்ல வேணாம்னு சொன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

செயலாளர் கெட்டவர் இல்லை. அவருக்கும் கப்பு ஆசைதான். "எல்லாம் கழகத்துக்காகத்தான், தங்கச்சி. ஒங்க அப்பாவே தம்பிகிட்ட ஏன் வந்தன்னு கேட்டாராமே. அவரா இருந்தா மேட்ச முடிச்சிட்டு வரத்தான் சொல்லியிருப்பாரு" என்றார். சிலர் ஆமாம் போட்டார்கள்.

நான் சண்டை போடத்தான் போயிருந்தேன். "கேட்டாருதாங்க. ஆனா கேட்டுட்டு, தம்பி கையை விடலீங்க. உசுரு போற வரைக்கும் விடலீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே, யாருக்குச் செய்தி வந்தாலும் அந்த நிமிடமே மைக்கில் சொல்ல வேண்டும் என்று முடிவானது. மற்றபடி பெரிதாக எதுவும் மாறவில்லை. கூடாரமும் சோடாவும் இருக்கின்றன. கக்கூஸ் இன்னும் வரவில்லை, நானும் கேட்பதை விடவில்லை. தம்பி மறுபடி கோலில் நின்று இன்று வரை நான் பார்க்கவில்லை.

போன வருடம் ஒரு மேட்சின் நடுவில் மைக் கரகரத்தது. எதிரணி ஆட்டக்காரர் ஒருவரின் மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டு போகிறார்கள் என்று அதே அண்ணன் அறிவித்தார். அந்த ஆட்டக்காரர் ஓடியபோது எங்கள் மேடு முழுவதும் எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன், அழுதுகொண்டே.

மேட்ச் நாட்களில் அப்பாவின் ஞாபகம் வரும். கூடவே பெயர் தெரியாத அந்த ஆட்டோ அண்ணனின் ஞாபகமும் வரும். அவர் சோடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வராமல் இருந்திருந்தால், அன்று கட்டிலிலிருந்து நீண்ட அந்தக் கைக்குப் பிடித்துக்கொள்ள என் தம்பியின் கை கிடைத்திருக்காது.