காந்தி ஜெயந்தியன்று பார்த்த வீடு

காரைக்காலில் இருந்து எனக்கு மாற்றல் வந்தபோது, வீடு தேடியதெல்லாம் மகளை நினைத்துத்தான். ஒன்பதாம் வகுப்பு. பஸ் நிறுத்தத்துக்கு அவள் தனியாக நடந்து போய் வர வேண்டும். வாடகை கையைக் கடிக்கக் கூடாது, தெருவில் பயமில்லாமல் நடக்க முடிய வேண்டும், அவ்வளவுதான் கேட்டோம். ஒதியம்பட்டில் என்னவோ பங்களாவைத் தூக்கிக் கொடுப்பதுபோல் வாடகை பேசினார்கள். காட்டியது இரண்டு அறையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்.

பிறகுதான் அந்தப் புரோக்கர் வாய்த்தான். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையப் பொய். மடுகரையில் மாநில எல்லையோரமாக ஒரு வீடு இருக்கிறது, காந்தி ஜெயந்தியன்று வந்து பாருங்கள் என்று அடம்பிடித்தான். லீவு நாளாயிற்றே, நம் வசதிக்காகச் சொல்கிறான் என்று நான் உருகிப்போனேன்.

தெருவில் ஈ காக்கை இல்லை. நாலு வீடு தள்ளி ஒரு தகரக் கொட்டகை, முன்னால் கீற்றுத் தட்டி வைத்துக் கட்டியிருந்தது.

"அது என்ன?" என்றேன்.

"கோழித் தீவன குடோன்க்கா. சேஃப் ஏரியா இது. குண்டூசி வுழுந்தா கூட சத்தம் கேக்கும்."

என் கணவர் செல்போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு சமையலறையைச் சுற்றிக்கொண்டிருந்தார். அடுப்பு அக்கினி மூலையில் இருக்கிறதாம், முகம் மலர்ந்துவிட்டது. தட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவரைச் சொல்லி என்ன? இதே அரசாங்கத்தில் பதினைந்து வருடம் சம்பளம் வாங்கியவள் நான். காந்தி ஜெயந்திக்கு எந்தக் கடையை மூடுவார்கள் என்று எனக்கு மட்டும் உறைத்ததா?

குடிவந்த அன்று மாலை தட்டி திறந்திருந்தது. கோழிகள் வரவில்லை. எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து மோட்டார் பைக்குகள் வந்தன, அங்கே கடையில் கிடைக்காத சாராயம் குடிக்க. பஸ்ஸை விட்டு இறங்கினால் மகள் அந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். முதல் வாரமே ஒருவன் பைக்கைக் குறுக்கே நிறுத்திப் பேர் கேட்டிருக்கிறான். அதன்பிறகு நானோ அவரோ போய்த்தான் கூட்டிவந்தோம்.

வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனேன். மனுஷர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"அவனுங்க நம்ம ஊரு ஆளுங்க இல்லம்மா. எல்லாம் அந்தாண்ட இருந்து வர்றவனுங்க. நம்ம பசங்க தங்கம்."

அந்தத் தங்கங்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தன. காலி செய்கிறோம் என்றதற்கு, அடுத்த ஆள் வந்தால்தான் அட்வான்ஸைத் திருப்பித் தருவேன் என்று சொல்லிவிட்டார்.

குடியரசு தினத்தன்று அதே புரோக்கர், அதே விபூதியோடு ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்தான். வேறு எந்த நாளில் வருவான்? தட்டி மறுபடி கட்டியிருந்தது. அவர்களுக்கும் ஒரு பெண், என் மகளைவிடச் சின்னவள். அவளுடைய அம்மா ஜன்னல் வழியாகக் கொட்டகையைக் காட்டினாள்.

"அது இன்னாக்கா? பொண்ணு தனியா போய் வரணும், அதான் கேக்கறேன்."

வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். புரோக்கர் என்னைப் பார்த்துச் சிரித்தான், தன் ஆளைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"ஏதோ குடோன்," என்றேன்.

கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தை மூடினாள்.

"சாராயக்கடை ஆன்ட்டி. இன்னிக்கு லீவு. நாளைக்கு வந்து பாருங்க," என்றாள். சொன்னது அவர்களிடம். பார்த்தது என்னை.