அப்பா கையெழுத்துப் போடாத கடிதம்

எங்கள் அப்பா தூத்துக்குடியில் பிறந்தார். எதையும் லேசில் நம்பமாட்டார். பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். மென்பொருள் சோதனை வேலையில் அந்தக் குணம் அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. வீட்டில் நாங்கள்தான் படாதபாடு பட்டோம்.

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலுக்கு வயதான வியட்நாம் ஃபாதர் ஒருவர் வந்தார். தாத்தாவின் நினைவு நாளுக்கு அப்பா பூசை கேட்டபோது, ஃபாதர் பெயரைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டார். நோட்டில் எழுதவில்லை, பூசையில் சத்தமாக வாசிக்கவும் இல்லை. இறந்தவர் பெயர் காதில் விழாவிட்டால் நம்மவர்களுக்கு அது பூசையே அல்ல. "இவரு நெஜ சாமியார்தானான்னு யாரு செக் பண்ணா?" என்று அப்பா காரிலேயே ஆரம்பித்துவிட்டார்.

அம்மா தடுத்தும் கேட்காமல், கையெழுத்தில்லாத புகார் ஒன்றை ஆயர் அலுவலகத்துக்கு அனுப்பினார். விசாரணை முடியும்வரை ஃபாதர் பூசை வைக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் அவர் எங்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

விசாரணை முடிந்து ஃபாதர் மறுபடி பூசை வைக்க வந்த ஞாயிறு, பங்குத்தந்தை எல்லோருக்கும் விளக்கினார். வியட்நாமில் கம்யூனிஸ்ட் அரசு ஃபாதரைப் பல வருடம் முகாமில் அடைத்திருந்தது. யாரோ எழுதிய மொட்டைக் கடிதம்தான் காரணம். அவருடைய பூசை நோட்டில் இருந்த பெயர்களை வைத்துக் குடும்பம் குடும்பமாகப் பிடித்துப் போனார்களாம். அன்றிலிருந்து அவர் யார் பெயரையும் எழுதுவதில்லை, சத்தமாகச் சொல்வதுமில்லை.

அப்பா அன்று சாப்பிடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஃபாதரை டாக்டரிடம் கூட்டிப்போவது அப்பாவின் வேலையானது. ஆறு வருடம் கார் ஓட்டினார். அதை அப்பாவின் சேவை மனப்பான்மை என்று உங்களில் பலர் அப்பாவின் இந்த நினைவு மலருக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உண்மைக் காரணம் இதுதான்.

காரின் முன்கண்ணாடியில் ஃபாதரின் கண் தன்மேல் பட்டால்கூட, தெரிந்துவிட்டதோ என்று அப்பா பயப்படுவார். நோய் முற்றிய கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஃபாதர்ட்ட சொல்லிரணும்மா. சொன்னா, எனக்கு அடக்கப் பூசை வைப்பாரா?" என்றார். ஃபாதர் வந்து சேர்வதற்குள் அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது.

அடக்கப் பூசையை ஃபாதர்தான் வைத்தார். அப்பாவின் பெயரை, அந்த ஒரு பெயரை மட்டும், கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி சொன்னார். கல்லறையில் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். அந்தக் கடிதத்தை விசாரணையின் முதல் நாளே தன்னிடம் காட்டினார்கள் என்றார். கையெழுத்துப் போடாத அப்பா, பூசையில் வாசிக்காமல் விட்ட பெயர் என்று தாத்தாவின் பெயரை அதில் தெளிவாக எழுதியிருந்தாராம்.

நோயின்போது சாப்பாடு கொண்டுவந்த ஜெபக்குழுக் குடும்பங்களுக்கும், மண்ணெடுத்துப் போட வந்த அனைவருக்கும் நன்றி. எல்லாம் தெரிந்தே ஆறு வருடம் அப்பாவின் காரில் ஏறி உட்கார்ந்த ஃபாதருக்கு, அப்பா சொல்லாமல் போன மன்னிப்பை அவர் பிள்ளைகள் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். இந்தக் கடிதத்தில் எங்கள் எல்லோருடைய கையெழுத்தும் இருக்கிறது.