வாழைப்பழ மணம்

அவர் வற்றாப்பளைப் பக்கம் காட்டில் தேன் எடுப்பவர். தேனீக்களிடம் குத்து வாங்கி வாங்கி ஓர் இமை நிரந்தரமாக வீங்கியிருந்தது. தேன்கூடு இருக்கும் மரத்தடிக்கு வருபவர்களின் கைகளை முகர்ந்து பார்ப்பது அவர் வழக்கம். கோயிலில் தந்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு நான் தேன் வாங்கப் போயிருந்தேன்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சேர். ஒரு தேனீ குத்தினா இதே மணம்தான் எழும்பும். மற்றதெல்லாம் திரண்டு வரும்."

நான் இரசாயனவியல் ஆசிரியன். வாழைப்பழ மணத்தைத் தரும் எசுத்தர் என்ற சேர்வை தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, காற்றில் சட்டெனப் பரவும் என்று படிப்பித்தவன். இனிய மணம் என்றும் சொல்லியிருக்கிறேன். கழுவிவிட்டு வந்தேன்.

அவர் என் கையை முகர்ந்தார். பிறகு தன் கழுத்தைத் தடவி, விரலை முகர்ந்தார்.

"இப்ப மணக்கிறது உங்கட கை இல்லை. ஓடுங்கோ!"

ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கழுத்தைப் பொத்தியபடி அங்கேயே நின்றார். மணம் என் பின்னால் வரக்கூடாதென்றா நின்றார்?