வாந்தியோடு போன மாத்திரை

சத்தியபிரியா மாத்திரையை நிறுத்தவில்லை. யார் கேட்டாலும் அவள் தைரியமாக அப்படிச் சொல்லலாம். தினமும் வெள்ளனே, புருஷன் யோகராஜ் பூண்டு மூட்டை ஏற்றிய வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், அவன் கண்ணெதிரிலேயே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். வண்டி மலைப்பாதையின் கிளாவரை வளைவைத் தாண்டியதும் கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். மசக்கை வாந்திதான். மாத்திரை கரைந்தும் கரையாமலும் மண்ணில் கிடக்கும். அதைப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு நிம்மதி. நான் ஒண்ணும் பண்ணல, அதுவா வந்துருச்சு.

அந்த நிம்மதிக்காகத்தான் அவள் நாள் முழுக்கக் குன்றிப்போனாள்.

சத்தியாவும் நானும் கொடைக்கானல் மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சு. நான் கடல் தாண்டி வந்துவிட்டேன். அவள் பெயர் போனில் தெரிந்தாலே, என்ன ஆச்சோ என்ற பதற்றத்தோடுதான் எடுப்பேன். இதையெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னவள், "எழுதுறதுன்னா எழுது, நாலு பேரு படிக்கட்டும்" என்றாள்.

அவளுடையது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாத்தா காலத்தில் திரும்பி வந்த குடும்பம். ப்ளஸ் டூ முடித்த வருஷம் அப்பா இறந்தார். அதற்குப் பிறகு அவள் படுக்கையை விட்டு எழவில்லை. சோம்பேறி என்றார்கள், காத்துக்கருப்பு என்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள். யோகராஜ் பெண் பார்க்க வந்தபோது மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவன் யோசித்துவிட்டு, "எங்கப்பா சுகர் மாத்திரை போடுறாரு. நீ இதப் போடு. இதுல என்ன இருக்கு?" என்றானாம். அந்த ஒரு பேச்சுக்காகவே அவனைக் கட்டிக்கொண்டதாக இப்போதும் சொல்வாள்.

முதல் பிள்ளை வயிற்றில் தங்கியதும் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ஆங்கிலக் காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். கர்ப்பிணிகள் என்ற இடத்தில் இருந்த எச்சரிக்கை அவளைப் பிடித்துக்கொண்டது. அன்றோடு நிறுத்தினாள், யாரிடமும் கேட்கவில்லை. மகள் குறையில்லாமல்தான் பிறந்தாள். ஆனால் அந்தப் பிள்ளையின் அழுகை சத்தியாவுக்கு அடுத்த வீட்டு அழுகை மாதிரிக் கேட்டது. பால் கொடுக்கக் கை நீளவில்லை. தான் இல்லாமல் போனால்தான் பிள்ளைக்கு நல்லது என்று அவள் வாய்விட்டுச் சொன்ன நாளில், யோகராஜ் பிள்ளையைத் தன் அக்கா சிவபாக்கியத்திடம் கொடுத்துவிட்டு இவளை டாக்டரிடம் கூட்டிப்போனான். பிள்ளை அத்தை வீட்டில்தான் குப்புற விழுந்தது, தவழ்ந்தது. பெற்றவள் அதில் எதையும் பார்க்கவில்லை.

அதனால் இந்தத் தடவை முன்கூட்டியே கேட்டார்கள். வத்தலக்குண்டுக்கு வாரம் ஒருமுறை வரும் மனநல டாக்டரம்மா, போன தடவை நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, இதே மாத்திரையைத் தொடரலாம், நிறுத்தினால்தான் உனக்கு ஆபத்து அதிகம் என்றார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். சத்தியாவும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஊரில் சிவபாக்கியம் விடவில்லை. "ஏத்தா, மூளை மாத்திரையத் தின்னுட்டுப் பிள்ள பெத்தா, அது தூங்குமூஞ்சியாத்தான் பொறக்கும். பேரு வைக்கவும் எழுப்பித்தான் வைக்கணும்" என்பாள். பூண்டுக் கொட்டகையில் இருந்த பெண்கள் சிரிப்பார்கள். சத்தியாவும் சேர்ந்து சிரிப்பாள். அதே கொட்டகைப் பெண்களில் ஒருத்தி போன வருஷம் நிறைமாத வயிற்றோடு பூண்டு வயலுக்குப் பூச்சிமருந்து கலக்கிக் கொடுத்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சாப்பிட்டால் பிள்ளைக்குத் துரோகம், நிறுத்தினால் மூத்தவளுக்குச் செய்ததை மறுபடி செய்வது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்தாள் சத்தியா. வெறும் வயிற்றில் டீ குடித்தால் வாந்தி வருவது நிச்சயம். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டியதை டீயோடு போட ஆரம்பித்தாள். அட்டை ஒழுங்காகக் காலியானது. யோகராஜும் அட்டையைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வண்டி ஏறினான்.

சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தூக்கம் அறுந்தது. ஒருநாள் கொட்டகையில் உட்கார்ந்து பூண்டுத் தாளை நறுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் குவியல் குவியலாக மலைப்பூண்டு. மூக்கில் எந்த வாசமும் ஏறவில்லை. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது, சோறு மண்ணாக, பூண்டு வாசமில்லாமல். அரிவாளைக் கீழே வைத்தாள். கொட்டகை வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். பார்த்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் பயந்துபோனாள்.

யோகராஜ் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்வரை காத்திருந்து, வண்டி பக்கத்திலேயே வைத்துச் சொன்னாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தார்ப்பாயை மடிப்பதை நிறுத்தினான்.

"நான் அட்டையத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், சத்தியா. உன் மொகத்தப் பாக்கல."

"நீங்க என்னங்க பண்ணுவீங்க, ஏமாத்துனது நான்."

"சரி, வண்டில ஏறு. அந்தம்மா இன்னைக்கி இல்லாட்டி திண்டுக்கல்ல யாரையாச்சும் பாப்போம்."

டாக்டரம்மா இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திட்டாமல், வாந்தி எப்போது வருகிறது, தூக்கம் எப்படி, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். சத்தியா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மட்டும் சொல்லுங்க டாக்டர். முழுங்கிடுறேன்."

"அப்படி ஒரு வார்த்தை எந்த மாத்திரைக்கும் சொல்ல மாட்டேம்மா. ரிஸ்க் சுத்தமா இல்லேன்னா அது பொய். ஆனா மாத்திரை இல்லாம நீ படுற பாடு இருக்கே, அதுவும் அந்தப் பிள்ளை மேலதான் விழுது. ரெண்டையும் தராசுல வச்சுப் பாத்துத்தான் இதக் குடுக்கிறேன்."

மாத்திரையை ராச்சாப்பாட்டுக்கு மாற்றினார். வாந்திக்குத் தனியாக எழுதினார். பிரசவ டாக்டருக்கும் தெரியப்படுத்தி, ஸ்கேனுக்குத் தவறாமல் போகச் சொன்னார். அடுத்த வாரமே மறுபடி வரச் சொன்னார். சத்தியாவுக்குக் கிடைத்தது அவள் கேட்ட உத்தரவாதம் அல்ல. மலையேறும் வழியெல்லாம் அழுதாள்.

அன்றைக்கு மகளைப் பார்த்துக்கொண்டிருந்தது சிவபாக்கியம். இவர்கள் வந்ததும் சோறு போட்டாள். யோகராஜ் எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லிவிட்டான். சத்தியா தலை நிமிராமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வயிற்றைப் பார்த்து, "மன்னிச்சுக்க" என்றாள். அது சிவபாக்கியத்தின் காதில் விழுந்தது.

"யாருகிட்டடி மன்னிப்புக் கேக்குற? அது வயித்துல சும்மா கெடக்கு." பாத்திரத்தை ஒதுக்கினாள். பிறகு, "இந்தா பாரு. மூத்தத நான் வளத்தேன். இத வளக்க மாட்டேன், எனக்கு முட்டி போச்சு. பொறந்தா நீதான் தூக்கணும், நீதான் பாலு குடுக்கணும். அதுக்கு என்னத்த முழுங்கணுமோ முழுங்கு" என்றாள்.

"சரி மதினி."

அது வசவா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியாவுக்கும் தெரியவில்லையாம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மகளை இழுத்து மடியில் சாய்த்து, வாந்தி வருமோ என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வரவில்லை.